கர்ப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டிய அயோடின்: உப்பு ஜாடி முதல் குழந்தையின் முதல் பிறந்தநாள் வரை

தங்கைக்குத் திருமணமாகி ஆறு மாதம் ஆன சமயத்தில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தைக்குத் தயாராகிறோம் என்று சொன்னாள். ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கியிருந்தாள். ரத்தப் பரிசோதனை முடித்து எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அழகாக அடுக்கி வைத்திருந்தாள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் சமையலறையில் அடுப்புக்கு ஓரடி தள்ளி வைத்திருந்த பீங்கான் ஜாடியைத் திறந்ததும் மனம் சற்றுத் துணுக்குற்றது. உள்ளே பருமனான கல்லுப்பு, அடியில் கசிந்த நீர். தெருவில் வரும் உப்புக்காரரிடம் அம்மா படி அளந்து வாங்கிக் கொடுத்தனுப்பியது.

ஓர் உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டினோம். ஒரு பாதியில் ஜாடி உப்பைப் பொடித்துத் தூவினோம். மறு பாதியில் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வந்த பாக்கெட் உப்பைத் தூவினோம். ஒரு நிமிடம் கழித்து இரண்டிலும் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டோம். பாக்கெட் உப்பு தூவிய பாதி மெல்ல நீலம் பூத்தது. ஜாடி உப்பு இருந்த பாதி வெட்டியபோது இருந்த நிறத்திலேயே கிடந்தது.

"கடலிலிருந்து வரும் உப்புதானே அக்கா? அதில் அயோடின் தானாகவே இருக்காதா?" என்று கேட்டாள்.

நன்றாகப் படித்த பெண்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. அவளுக்கு அன்று உட்கார்ந்து சொன்னதையும், பிறகு அவளோடு படிப்படியாகச் செய்ததையும் இங்கே எழுதுகிறேன். நாளை குழந்தை வேண்டும் என்று நினைக்கும் எல்லாப் பெண்களுக்கும், அவர்கள் வீட்டில் சமைப்பவர்களுக்கும் இது பயன்படும்.

படி 1: எப்போது தொடங்குவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கிறது தைராய்டு சுரப்பி. அது சுரக்கும் முதன்மையான ஹார்மோனின் பெயர் தைராக்சின். ஒரு தைராக்சின் மூலக்கூறில் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. அயோடின் இல்லாமல் உடலால் தைராக்சினைச் செய்ய முடியாது. அயோடினை உடல் தானே உண்டாக்கிக்கொள்ளவும் முடியாது. வாய்வழியே வந்தால்தான் உண்டு.

கருவின் மூளையில் நரம்பணுக்கள் பெருகுவதற்கும், பிறந்த இடத்திலிருந்து தமக்குரிய இடத்துக்கு நகர்ந்து போய் அமர்வதற்கும், பின்னர் நரம்பிழைகள் மேல் உறை படர்வதற்கும் இந்த ஹார்மோன் தேவை. கருவின் சொந்தத் தைராய்டு அயோடினைப் பற்றத் தொடங்குவது 10 முதல் 12 வாரங்களில். போதிய அளவு ஹார்மோனைத் தானே சுரக்க ஏறக்குறைய ஐந்தாவது மாதம் ஆகிவிடும். அதுவரை குழந்தைக்குத் தாயின் தைராக்சின்தான். அதற்குப் பிறகும் சுரக்கத் தேவையான அயோடினுக்குத் தாயைத்தான் அது நம்பியிருக்கிறது.

அதனால் கர்ப்பம் தரித்ததும் தாயின் தைராய்டுக்கு வேலை கூடுகிறது. வழக்கத்தைவிடச் சுமார் பாதி அளவு அதிகமாக ஹார்மோன் சுரக்க வேண்டியிருக்கிறது. அதே சமயம் சிறுநீரகங்கள் வேகமாக இயங்குவதால் சிறுநீரில் வெளியேறும் அயோடினும் கூடுகிறது. செலவு இரண்டு பக்கமும் ஏறும் காலம் இது.

இப்போது நாட்காட்டியைப் பாருங்கள். மாதவிலக்கு தள்ளிப்போனதைக் கவனிப்பது நான்காவது, ஐந்தாவது வாரத்தில். சோதித்து, பெரியவர்களிடம் சொல்லி, மருத்துவரைப் பார்த்துப் பதிவு செய்யும்போது எட்டு, பத்து வாரம் ஆகியிருக்கும். ஐந்தாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ வளைகாப்புக்கு உறவினர்கள் கூடி, "இதைச் சாப்பிடு, அதைச் சாப்பிடு" என்று அன்போடு சொல்லும்போது மூளைக்கட்டுமானத்தின் முதல் கட்டம் முடிந்துபோயிருக்கிறது.

இதற்கு நான் அறிந்த மிக அழுத்தமான சான்று பப்புவா நியூ கினியின் ஜிமி பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. அயோடின் கடுமையாகக் குறைந்த மலைப்பகுதி அது. காது கேளாமலும், பேச முடியாமலும், நடை தடுமாறியும், அறிவு வளர்ச்சி குன்றியும் குழந்தைகள் பிறந்தார்கள். இந்நிலையை மருத்துவத்தில் கிரெட்டினிசம் என்பார்கள். 1966-ல் அங்கே ஒரு குடும்பம் விட்டு ஒரு குடும்பத்துக்கு அயோடின் சேர்த்த எண்ணெயை ஊசியாகப் போட்டார்கள். மற்றக் குடும்பங்களுக்கு வெறும் உப்புநீர் ஊசி. பிறகு பிறந்த குழந்தைகளைப் பார்த்தபோது, உப்புநீர் பெற்ற குடும்பங்களில் 26 குழந்தைகளுக்கு அந்தப் பாதிப்பு இருந்தது. அயோடின் பெற்ற குடும்பங்களில் 7 பேருக்குத்தான். அந்த ஏழு பேரில் ஆறு பேரின் தாய்மார்கள் ஊசி போட்ட அன்று ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தவர்கள்.

இந்த ஆறு என்ற எண் என் நினைவை விட்டு நீங்குவதேயில்லை. மருந்து சரியான மருந்துதான். வந்து சேர்ந்த நாள்தான் தாமதம்.

ஆகவே என் விடை இது: குழந்தை வேண்டும் என்று எண்ணுவதற்குக் குறைந்தது சில மாதங்களுக்கு முன்பே வீட்டு உப்பை மாற்றிவிடுங்கள். வயதுக்கு வந்த பெண் இருக்கும் வீட்டில் என்றைக்குமே அயோடின் உப்புதான் இருக்க வேண்டும் என்பது இன்னும் நல்லது. நல்ல நிலையில் இருக்கும் தைராய்டு அயோடினைச் சேமித்து வைக்கும். பெரியவர் ஒருவரின் உடலில் 15 முதல் 20 மில்லிகிராம் அயோடின் இருக்கும். அதில் பெரும்பகுதி தைராய்டில்தான். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த இந்தச் சேமிப்புதான், வாந்தியால் எதுவுமே சாப்பிட முடியாத முதல் மூன்று மாதங்களில் கைகொடுக்கிறது.

படி 2: ஜாடியில் இருப்பது என்ன உப்பு என்று பாருங்கள்

தங்கையின் கேள்விக்கு வருகிறேன். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதே ஒரு லிட்டரில் இருக்கும் அயோடின் ஏறக்குறைய 60 மைக்ரோகிராம். அவ்வளவு அயோடினும் உப்போடு தங்கிவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு கிராமுக்கு இரண்டு மைக்ரோகிராம்கூடத் தேறாது. உண்மையில் அவ்வளவும் தங்குவதில்லை. பாத்தியில் உப்பு படிந்த பிறகு வடித்துவிடும் கசப்பு நீரோடு அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. அயோடின் சேர்த்த உப்பில், வாங்குபவர் கைக்கு வரும்போது கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டின் விதி. தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில் மின்னும் உப்பு எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், அயோடின் தெளிக்காதவரை அது கருவிலிருக்கும் குழந்தைக்கு உதவாது.

இந்துப்பின் கதையும் இதேதான். இயற்கையானது, இமயமலையிலிருந்து வந்தது என்று சொல்லி விற்கிறார்கள். அயோடின் சேர்க்காத இந்துப்பில் பொருட்படுத்தத்தக்க அயோடின் இல்லை. உடல்நலத்தில் அக்கறை மிகுந்து, கூடுதல் பணம் கொடுத்து இந்துப்புக்கு மாறிய இளம் தம்பதிகளை நினைத்தால்தான் எனக்கு அதிகம் வருத்தமாக இருக்கிறது. அக்கறையே அவர்களைத் தவறான பக்கம் கொண்டு போயிருக்கிறது.

நம் மாநிலத்தின் நிலையையும் சொல்ல வேண்டும். இந்திய அயோடின் ஆய்வு 2018-19-ல், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுவதும் 76.3 விழுக்காடு. தமிழ்நாட்டில் 61.9 விழுக்காடு. மாநிலங்களில் கடைசி இடம். ஜம்மு காஷ்மீரில் 99.8 விழுக்காடு. உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கும் மாநிலத்தின் நிலை இது. உப்பளம் பக்கத்திலேயே இருப்பதால் அயோடின் சேராத கல்லுப்பு எளிதாக வீடு தேடி வந்துவிடுகிறது. ஊறுகாய்க்கும் சாம்பாருக்கும் கல்லுப்பு போட்டால்தான் ருசி என்ற பழக்கமும் நம்மிடம் ஆழமாக இருக்கிறது.

கல்லுப்பை விட மனமில்லை என்றால் விட வேண்டாம். அயோடின் சேர்த்த கல்லுப்பும் பாக்கெட்டில் கிடைக்கிறது. உறையில் பார்க்க வேண்டியவை: 'அயோடின் கலந்த உப்பு' என்ற சொற்கள், சிரிக்கும் சூரியன் சின்னம், உற்பத்தித் தேதி. உறையின் மூலையில் சிறிய எழுத்தில் 'நேரடி உணவுப் பயன்பாட்டுக்கு அல்ல' என்றிருந்தால் அது தொழிலுக்கும் பதப்படுத்தலுக்கும் ஆன உப்பு. அதைக் கீழே வைத்துவிடுங்கள். அயோடின் சேராத உப்பை நேரடி உணவுக்காக விற்பதற்கு 2006 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. இருந்தும் சந்தையில் அது கிடைக்கத்தான் செய்கிறது. ரேஷன் கடை உப்பு மலிவு என்பதால் மட்டமானது என்று எண்ண வேண்டாம். தமிழ்நாடு உப்பு நிறுவனம் தயாரிக்கும் இரும்பும் அயோடினும் சேர்ந்த உப்பு கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்கு மிகவும் ஏற்றது.

உருளைக்கிழங்குச் சோதனை அயோடின் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும்தான் காட்டும். எவ்வளவு என்று காட்டாது. ஆஷா பணியாளர்களிடம் இருக்கும் சோதனைக் குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டால் உப்பு ஊதா நிறமாகும். நிறம் அடர்த்தியாக இருந்தால் அயோடினும் கூடுதல் என்று ஓரளவு ஊகிக்கலாம். கிராமத்துச் செவிலியர் வீட்டுக்கு வரும்போது சோதித்துத் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

படி 3: வாங்கிய அயோடினை வீணாக்காதீர்கள்

நல்ல உப்பு வாங்கியும் அயோடினை இழக்கும் வீடுகள் இருக்கின்றன. கல்லுப்பில் தூசி இருக்கும் என்று அலசி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்தும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அயோடின் கல்லுப்பின் மேற்பரப்பில்தான் தெளிக்கப்பட்டிருக்கிறது. முதலில் கரைந்து போவதும் அந்த மேற்பரப்புதான். அயோடின் சேர்த்த பாக்கெட் உப்பை அலசவே கூடாது. கரைத்து வடிகட்டி ஊற்றுபவர்கள், கரைத்த நீர் முழுவதையும் குழம்பில் சேர்த்தால் குறையில்லை.

ஈரம் இரண்டாவது எதிரி. உப்பு கசிந்து நீராகி ஜாடியின் அடியில் தேங்கும்போது அயோடினும் அதில் இறங்கிவிடும். இறுக மூடும் கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தில், அடுப்பின் ஆவி படாத அலமாரியில், உலர்ந்த கரண்டியோடு வையுங்கள். ஆறு மாதத்துக்குச் சேர்த்து மூட்டையாக வாங்குவதைவிட ஒன்றிரண்டு மாதத்துக்கு வேண்டியதை வாங்குவது நல்லது. வெயிலில் காயவைப்பதும், வாணலியில் வறுப்பதும் வேண்டாம்.

சமைக்கும்போது சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையலாம். இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. பருப்பும் காயும் வெந்த பிறகு, இறக்குவதற்குச் சற்று முன் உப்பு சேர்க்கப் பழகினால் போதும். காய் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் ரசத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் தேவை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் 250 மைக்ரோகிராம். அதே நிறுவனம் உப்பை 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. ஐந்து கிராம் என்பது சமமாகத் தட்டிய ஒரு தேக்கரண்டி.

ஐந்து கிராம் உப்பு, கிராமுக்கு 15 மைக்ரோகிராம் என்றால் 75. அதே உப்பில் கிராமுக்கு 30 இருந்தால் 150. சமையல் இழப்பு போக முறையே 60, 120. இரண்டுமே 250-ஐ எட்டவில்லை. இதைப் பார்த்துவிட்டு உப்பை அள்ளிப் போடக் கூடாது. மீதியைப் பிற உணவிலிருந்து எடுக்க வேண்டும்.

பாலும் தயிரும் நம் உணவில் இதற்கு நல்ல வழிகள். பாலில் உள்ள அயோடின் மாட்டின் தீவனத்தைப் பொறுத்து மாறும். ஆனாலும் நாள்தோறும் இரண்டு குவளை பாலும் மதியம் தயிரும் எடுப்பவருக்குக் கணிசமான பங்கு கிடைக்கும். ஒரு முட்டையில் 25 முதல் 30 மைக்ரோகிராம் வரை கிடைக்கும். அது மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. கர்ப்பிணிக்கு 'சூடு' என்று சொல்லி மஞ்சள் கருவை ஒதுக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். கடல் மீனும் இறாலும் ஆற்று மீனைவிட மிக அதிகமாக அயோடின் தருபவை. மத்தி, நெத்திலி போன்ற சிறிய மீன்களை வாரம் இரண்டு மூன்று முறை சேர்க்கலாம். பெரிய சுறா போன்ற மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் கர்ப்ப காலத்தில் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு, சிப்ஸ் இவற்றின் உப்பை அயோடின் கணக்கில் சேர்க்காதீர்கள். பெரும்பாலும் சாதாரண உப்பில்தான் இவை தயாராகின்றன. உப்பு உடலில் ஏறும்; அயோடின் ஏறாது. கர்ப்பிணி 5 கிராம் உப்புதான் எடுக்கப் போகிறாள் என்றால், அதில் முடிந்தவரை எல்லாமே வீட்டு ஜாடியின் அயோடின் உப்பாக இருப்பது நல்லது.

ரத்த அழுத்தம் காரணமாக மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால், சொன்ன அளவுக்குக் குறையுங்கள். குறைத்துப் போடும் அந்தச் சிட்டிகையும் அயோடின் உப்பாகவே இருக்கட்டும். உப்பைக் குறைத்து, இந்துப்புக்கும் மாறி, பாலும் பிடிக்காமல் போன ஒரு கர்ப்பிணிக்கு அயோடின் வர வழியே இல்லை. பால், முட்டை, மீன் மூன்றையும் தொடாத தூய தாவர உணவுக்காரர்களும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். இவர்கள் அடுத்த படியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

முட்டைக்கோஸ், முள்ளங்கி, மரவள்ளிக் கிழங்கு தைராய்டைக் கெடுக்குமா என்று கேட்பார்கள். அயோடின் போதுமான அளவு கிடைக்கும் உடலில், நன்றாக வேகவைத்து வழக்கமான அளவில் சாப்பிட்டால் அச்சம் தேவையில்லை.

படி 5: மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவரோடு முடிவு செய்யுங்கள்

அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அயோடின் இல்லை. "மாத்திரை சாப்பிடுகிறேனே, எல்லாம் அதில் வந்துவிடும்" என்று எண்ண வேண்டாம். கடையில் வாங்கும் கர்ப்பகாலச் சத்து மாத்திரைகளில் சிலவற்றில் அயோடின் இருக்கும், சிலவற்றில் இருக்காது. உறையின் பின்புறம் 'பொட்டாசியம் அயோடைடு' என்று தேடுங்கள். சேர்ப்பதாக இருந்தால் வழக்கமான அளவு நாளுக்கு 150 மைக்ரோகிராம்.

எல்லாக் கர்ப்பிணிகளும் கட்டாயம் வாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பெங்களூரிலும் பாங்காக்கிலும் 832 கர்ப்பிணிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2017-ல் வெளிவந்தது. லேசான குறைபாடு உள்ளவர்கள் அவர்கள். பாதிப் பேருக்கு நாளுக்கு 200 மைக்ரோகிராம் அயோடின் மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. குழந்தைகளை ஐந்து, ஆறு வயதில் சோதித்தபோது இரு பிரிவினரின் அறிவு வளர்ச்சியிலும் வேறுபாடு இல்லை. லேசான குறைபாட்டைத் தாயின் உடல் ஓரளவு சமாளித்துக்கொள்கிறது என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்கியது தாமதமாக இருந்திருக்கலாம் என்றும் சொல்லலாம். மாறாக, இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் சுமார் ஆயிரம் தாய்–சேய் இணைகளைத் தொடர்ந்து கவனித்து 2013-ல் வந்த ஆய்வில், கர்ப்பத்தின் தொடக்கத்தில் அயோடின் குறைந்திருந்த தாய்மார்களின் குழந்தைகள் எட்டு வயதில் மொழித்திறன் சார்ந்த அறிவுத்திறன் மதிப்பிலும், ஒன்பது வயதில் வாசிப்பிலும் பின்தங்கியிருக்கும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது என் மனம் மீண்டும் உப்பு ஜாடியிடமே போகிறது. பத்தில் ஒன்பது வீடுகளுக்கு மேல் இரண்டு ஆண்டுகளாக நல்ல அயோடின் உப்பைப் பயன்படுத்தும் பகுதியில் கர்ப்பிணிகளுக்குத் தனி மாத்திரை தேவைப்படாது என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடும். தமிழ்நாட்டின் எண் அந்த எல்லையைத் தொடவில்லை என்பதால், உங்கள் வீட்டு நிலையை வைத்து மருத்துவரிடம் கேளுங்கள்: எத்தனை ஆண்டுகளாக என்ன உப்பு, பால் குடிக்கிறீர்களா, மீன் உண்டா, வாந்தி எவ்வளவு. இந்த நான்கு விவரத்தைச் சொன்னால் அவர் முடிவு சொல்வார்.

தைராய்டு நோய் இருப்பவர்கள் தாமாக அயோடின் மாத்திரை எடுக்கவே கூடாது. தைராய்டு குறைவுக்குத் தைராக்சின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தனி அயோடின் மாத்திரை தேவைப்படாது. வீட்டில் எல்லோரும் சாப்பிடும் அயோடின் உப்பை அவர்களும் தொடரலாம். கர்ப்பம் தெரிந்த அன்றே அவர்கள் மருத்துவரை அழைக்க வேண்டும். பலருக்கு அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். குழந்தைக்கு ஆகாது என்று பயந்து மாத்திரையை நிறுத்துவதுதான் குழந்தைக்கு உண்மையான ஆபத்து. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் தைராக்சினுக்கும் இடையே நான்கு மணி நேரம் விடுங்கள்.

படி 6: மிகுதியும் கெடுதல்

அயோடின் குறைந்தாலும் கெடுதல், வரம்பு மீறினாலும் கெடுதல். கர்ப்பிணிகள் நாளுக்கு 500 மைக்ரோகிராமுக்கு மேல் எடுப்பதால் கூடுதல் நன்மை எதுவும் இல்லை. வீட்டுச் சமையலில் அந்த அளவு வருவது அரிது. ஆபத்து வருவது வேறு வழிகளில். இணையத்தில் விற்கும் கெல்ப் எனும் கடற்பாசி மாத்திரைகளில் அயோடின் மிக அதிகமாகவும், மாத்திரைக்கு மாத்திரை மாறுபட்டும் இருக்கும். கருவின் இளம் தைராய்டு திடீர் மிகுதியைத் தாங்காது, சுரப்பையே நிறுத்திவிடக்கூடும். கர்ப்பிணிகள் அவற்றைத் தொட வேண்டாம்.

புண்ணுக்குப் போடும் பழுப்பு நிறப் பொவிடோன் அயோடின் மருந்தும் தோல் வழியே உடலுக்குள் செல்லும். சிறு காயத்துக்கு ஒருமுறை போட்டதற்காகப் பதற வேண்டாம். பிறப்புறுப்பில் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதும், பிறந்த குழந்தையின் தொப்புளிலும் உடலிலும் தொடர்ந்து தடவுவதும் குழந்தையின் தைராய்டைத் தற்காலிகமாக அடக்கிவிடலாம். இன்னொன்று: தைராய்டு மிகைக்குத் தரும் கதிரியக்க அயோடின் உணவு அயோடினிலிருந்து முற்றிலும் வேறு. அது கர்ப்பத்தில் கூடவே கூடாது. சிகிச்சைக்குப் பிறகு பொதுவாக ஆறு மாதமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

அயோடின் உப்பால்தான் இன்று வீட்டுக்கு ஒருவருக்குத் தைராய்டு வருகிறது என்ற பேச்சுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். நெடுங்காலம் அயோடின் குறைந்திருந்த உடலுக்கு அது கூடும்போது சிலரிடம் தைராய்டுக் கோளாறு தலைகாட்டுவது உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அயோடின் சேராத உப்பால் நாம் இழந்தவை இதைவிட மிகப் பெரியவை. கடுமையான குறைபாடுள்ள பகுதிக் குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பு சராசரியாக 12, 13 புள்ளிகள் குறைந்திருப்பதாகத் தொகுப்பாய்வுகள் காட்டின. கருச்சிதைவும் இறந்து பிறத்தலும் அங்கே கூடுதல். நோயியல் அறிஞர் வி. ராமலிங்கசுவாமியும் உடன் பணியாற்றியவர்களும் இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-ல் தொடங்கிய ஆய்வில், அயோடின் உப்பு போன இரண்டு பகுதிகளில் கழுத்துக்கழலை எனும் தைராய்டு வீக்கம் 1962-க்குள் வெகுவாகக் குறைந்தது. வெறும் உப்பு போன பகுதியில் அப்படிக் குறையவில்லை. கழலையைத் தடுக்கும் நம் தேசியத் திட்டம் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்துதான் பிறந்தது.

படி 7: முதல் பரிசோதனையில் கேட்க வேண்டியவை

தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை ரத்தத்தில் அளவிடும் டி.எஸ்.எச். பரிசோதனையை முதல் மூன்று மாதங்களுக்குள், முடிந்தால் முதல் வருகையிலேயே செய்துகொள்ளுங்கள். கர்ப்ப காலத்துக்கான இயல்பு அளவு வேறு என்பதால், ஆய்வகத் தாளில் அச்சிட்ட பொது அளவை வைத்து நீங்களே முடிவுக்கு வர வேண்டாம்.

சிறுநீரில் அயோடின் அளவிடும் பரிசோதனையைத் தனி ஒருவருக்குச் செய்வதில் பெரிய பயன் இல்லை. நேற்று மீன் சாப்பிட்டால் இன்று கூடும். இன்று சாப்பிடாவிட்டால் நாளை குறையும். ஓர் ஊரின், ஒரு மாவட்டத்தின் நிலையை அறியத்தான் அது உதவும். கர்ப்பிணிகள் குழுவில் இடைநிலை அளவு லிட்டருக்கு 150 முதல் 249 மைக்ரோகிராம் இருந்தால் அந்த ஊருக்குப் போதுமானது என்று கொள்வார்கள்.

வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கு

நாடு மாறினால் உப்பும் மாறுகிறது. இலங்கையில் 1995 முதல் உப்பில் அயோடின் கட்டாயம். கனடாவில் மேசை உப்புக்குக் கட்டாயம். ஆஸ்திரேலியாவில் 2009 முதல் ரொட்டிக்கு அயோடின் உப்பைப் பயன்படுத்துகிறார்கள். கர்ப்பிணிகள் நாளுக்கு 150 மைக்ரோகிராம் மாத்திரையும் எடுக்க அறிவுறுத்துகிறார்கள். பிரிட்டனில் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான உப்பில் அயோடின் கிடையாது. அங்கே மக்களுக்கு அயோடின் தருவது பாலும் மீனும்தான். லண்டனில் வாழும் தமிழ்ப் பெண் ஒருத்தி பசும்பாலை விட்டு ஓட்ஸ் பாலுக்கோ பாதாம் பாலுக்கோ மாறினால், அதன் அட்டையில் அயோடின் சேர்த்திருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். பலவற்றில் சேர்ப்பதில்லை.

படி 8: குழந்தை பிறந்த பிறகு

தாய் அயோடினைச் சரியாக எடுத்திருந்தாலும், சில குழந்தைகள் தைராய்டு சுரப்பியே சரியாக உருவாகாமல் பிறப்பதுண்டு. இதற்குத் தாயின் உணவு காரணம் இல்லை. பிறந்து இரண்டு மூன்று நாளில் குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் குழந்தை மற்றவர்களைப் போலவே வளரும். பார்க்க எந்த அறிகுறியும் இல்லாமல் கொழுகொழுவென்று இருக்கும் குழந்தைக்கும் இது இருக்கலாம். வீட்டுக்குக் கிளம்பும் முன், "தைராய்டு பரிசோதனை செய்தாயிற்றா? முடிவை எப்போது வாங்கலாம்?" என்று கேளுங்கள். செய்யாவிட்டால் செய்துதரச் சொல்லுங்கள்.

பாலூட்டும் காலத்தில் தாய்க்கு அதே 250 மைக்ரோகிராம் தேவை. முதல் ஆறு மாதம் குழந்தைக்கு அயோடின் வரும் ஒரே வழி தாய்ப்பால். பத்தியம் என்ற பெயரில் பாலையும் தயிரையும் முட்டையையும் மீனையும் மாதக்கணக்கில் நிறுத்துவது இங்கேதான் இடிக்கிறது. பூண்டுக் குழம்பும் மிளகு ரசமும் தாராளமாக வையுங்கள். ஆனால் அவற்றில் அயோடின் உப்பு இருக்கட்டும். பாலையும் நிறுத்த வேண்டாம். வீட்டில் யாரும் புகைக்க வேண்டாம். தாய் புகைத்தால் பாலில் அயோடின் குறைந்துவிடுகிறது.

ஆறு மாதத்துக்குப் பிறகு குழந்தைக்குக் கூழும் பருப்புச் சாதமும் கொடுக்கத் தொடங்கும்போது, ஒரு வயது வரை உப்பு சேர்க்க வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அது சரியான அறிவுரைதான். அப்படியானால் அந்த ஆறு மாதமும் குழந்தைக்கு அயோடின் எங்கிருந்து வரும்? அதே தாய்ப்பாலிலிருந்துதான், முட்டையின் மஞ்சள் கருவிலிருந்தும் தயிரிலிருந்தும் கொஞ்சம். ஆகவே பாலூட்டலைத் தொடருங்கள். உங்கள் தட்டையும் கவனியுங்கள். ஐந்து வயது வரை குழந்தைக்கு நாளுக்கு 90 மைக்ரோகிராம் தேவை. முதல் பிறந்தநாளுக்குப் பிறகு வீட்டுக் குழம்பைக் குழந்தையும் சாப்பிடத் தொடங்கும்போது அந்த ஜாடி உப்பு நேராகவே அதன் தட்டுக்கு வந்துவிடும்.

தங்கை அன்று மாலையே கடைக்குப் போய் அயோடின் கல்லுப்பு ஒரு கிலோ வாங்கி வந்தாள். பழைய உப்பை வாளித் தண்ணீரில் கரைத்துத் தரை துடைத்தாள். ஜாடியைக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்துக் காயவைத்துவிட்டுப் புதியதை நிரப்பினாள். பிறகு அம்மாவுக்குத் தொலைபேசியில், "அடுத்த முறை உப்புக்காரர் வந்தால் எனக்கு வாங்காதீர்கள் அம்மா. உங்களுக்கும் வாங்காதீர்கள்" என்றாள். அவள் கருவுற்றது அதற்கு ஏழு மாதம் கழித்து.